வாடியது மலரே; செடியன்று!

பிறந்தநாளென்றும் பட்டம் பெற்ற மகிழ்ச்சியென்றும் இன்று பரிசாக வரும் பொருள்களுள் அந்துப்பூச்சி ஆர்க்கிட்டும் ஒன்று. அதன் பூ இரண்டு மூன்று திங்கள் வாடாமல் நிற்கும். பூ உதிர்ந்ததும், “இனி இது பூக்காது” என்று செடியை எறிந்துவிடுகிறோம். ஔந்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் குப்பைத் தொட்டியருகே உயிருள்ள செடிகளை இருமுறை கண்டேன். அவற்றுள் ஒன்று இன்று என் சன்னலருகே பூத்திருக்கிறது. பூக்க வைத்தது மந்திரமன்று; உரமுமன்று; குளிர்ச்சி!

இதன் தாயகம் தென்கிழக்கு ஆசியக் காடுகள். ஜாவாவில் பணியாற்றிய புளூமே என்னும் தாவர அறிஞர் 1825-இல் இதற்கு ஃபலனாப்சிஸ் என்று பெயரிட்டார். அந்துப்பூச்சி போன்றது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். மரத்தின்மேல் வாழ்ந்தாலும் இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. புல்லுருவி வேறு, இது வேறு. பட்டையைப் பற்றிக்கொண்டு, மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் கொண்டே பிழைக்கும். வேற்றூரில் வாழும் நமக்கு இதன்மீது தனிப் பரிவு தோன்றுவது இயல்பே.

நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதில் இது வல்லது. பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்று, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்கும். கள்ளியும் அன்னாசியும் செய்வது இதுவே.

இனிப் பூக்கும் மருமத்துக்கு வருவோம். இரவு குளிர்ந்தால் போதும் என்றே பலரும் சொல்வர். அது பாதி உண்மை. அமெரிக்காவில் பிளான்சார்டு, ரங்கில் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இரவும் பகலும் 20 அல்லது 23 பாகை செண்டிகிரேடில் வளர்ந்த செடிகளுள் பெரும்பாலானவை பூந்தண்டு விட்டன. பகலில் 29 பாகை வெப்பம் பெற்றவையோ, இரவில் 17 பாகைக்குக் குளிர்வித்த போதிலும், இருபது வாரங்களில் ஒன்றுகூடப் பூந்தண்டு விடவில்லை. ஆகவே தடை செய்வது பகலின் வெப்பமே.

புனேக் குளிர்காலத்தின் சூழ்ச்சி இங்கேதான் உள்ளது. டிசம்பர் இரவில் வெளியே 12 பாகை அளவுக்கு இறங்கும். நண்பகலில் 29, 30 வரை ஏறும். செடியைப் பால்கனியில் வைத்தால் இரவில் நடுங்கும், பகலில் காயும். வீட்டினுள்ளே வைப்பதே நன்று. ஐப்பசி பிறந்து இரவு குளிரத் தொடங்கியதும் மாலையில் சன்னலைத் திறந்து குளிர்ச்சியை உள்ளே விடுங்கள். வெயில் ஏறுமுன் மூடிவிடுங்கள். கிழக்குச் சன்னல் உத்தமம். உச்சி வெயில் ஆகாது. அருகே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, பகலிலும் 25 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் இலைக்கக்கத்தில் ஒரு முளை எட்டிப் பார்க்கும். நுனி உருண்டு வழவழப்பாக இருந்தால் அது வேர். சற்றே தட்டையாக, விரல் மடக்கிய கையுறை போன்றிருந்தால் அது பூந்தண்டு. அதன்பின் ஏறத்தாழ மூன்று திங்களில் பூ விரியும்.

வேருக்கு மண் பகை. மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர் ஊற்றுங்கள், பச்சையாயிருந்தால் பொறுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் செடி அழுகும். இலை கரும்பச்சையானால் ஒளி போதவில்லை என்று கொள்க.

பழைய தண்டு காய்ந்திருந்தால் அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருந்து செடியும் வலுவாக இருந்தால், கீழிருந்து மூன்றாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். பக்கக் கிளை வரக்கூடும். மொட்டு விட்டபின் செடியை இடம் மாற்றாதீர்கள். பக்கத்தில் வாழைப்பழச் சீப்பையும் வைக்காதீர்கள்; பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும்!

செலவென்று பார்த்தால் ஒரு வெப்பமானியும் சிறிது பொறுமையுமே. பூ உதிர்ந்த ஆர்க்கிட் உங்கள் அறையில் இருக்குமாயின், எறியுமுன் தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வேர் பருத்து, அழுத்தினால் உறுதியாக இருக்கிறதா? செடி வாழ்கிறது, அடுத்த குளிர்காலத்தை அதற்குக் கொடுங்கள்.