எல்லாமே ‘ஸ்பாயில்ட்’தானா?

சிங்கப்பூருக்குப் போனால் தேக்காச் சந்தையை எட்டிப் பார்க்காமல் வருபவர் நம்மில் யார்? சிராங்கூன் சாலையும் பஃபலோ சாலையும் கூடும் இடத்தில் 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சந்தை அது. முருங்கைக்காய், வாழையிலை, ஆட்டிறைச்சி, மீன், சேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். அங்கே அரைமணி நேரம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் கலந்து ஓடும். அந்தக் கலவையிலே ஓர் ஆங்கிலச் சொல் அடிக்கடி தலை காட்டும்.

“தக்காளி ஸ்பாயில்.” “லிஃப்ட் ஸ்பாயில்.” “ஃபோன் ஸ்பாயில்.” “குடை ஸ்பாயில்.”

சிங்கப்பூரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் தோட்டத்திலும் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் “ஸ்பாயில்” என்கிறோம். மருந்து அடிக்கும் பம்பு வேலை செய்யாவிட்டாலும் “ஸ்பாயில்” என்கிறோம். நமக்குள் பேசும்போது இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் வேலைக்கென்று வெளியே போகும் காலம் இது. அந்தச் சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதல்லவா?

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

நம் தாய்மொழியை நினைத்துப் பாருங்கள். பால் கெட்டுப் போச்சு, கடிகாரம் கெட்டுப் போச்சு, பிள்ளை கெட்டுப் போச்சு என்கிறோம். மூன்றுக்கும் ஒரே சொல். மலாயில் ‘ரோசாக்’ என்றால் இயந்திரம் பழுதானதையும் குறிக்கும், பொருள் கெட்டதையும் குறிக்கும். சீனத்தில் ‘ஹுவாய்’ என்ற சொல்லும் அப்படித்தான். கெட்ட பழத்துக்கும் கெட்ட மனிதனுக்கும் ஓடாத இயந்திரத்துக்கும் அதுவே.

மூன்று இனத்தாரும் ஒரே ஊரில் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது, மூவருமே தங்கள் மொழியின் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக ‘ஸ்பாயில்’ என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. ஆனாலும் சந்தையில் பழகிய சொல் சந்தையிலேயே நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். “லிஃப்ட் ஸ்பாயில்” என்பதில் ‘இஸ்’ இல்லை. கடைசி ‘ட்’ ஓசையும் இல்லை. தமிழில் “லிஃப்ட் கெட்டுப் போச்சு” என்றாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ‘ஸ்பாயில்’ என்பது கெடு, கெடுத்துவிடு என்னும் வினை. கெட்டுப்போன நிலையைச் சொல்ல ‘ஸ்பாயில்ட்’ என்று வரவேண்டும். முன்னால் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வேண்டும்.

சரியான இடம் எது?

‘ஸ்பாயில்ட்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சொந்த இடங்கள் உண்டு. மூன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்.

முதலாவது, உணவு. “தி ஃபிஷ் இஸ் ஸ்பாயில்ட்.” மீன் கெட்டுவிட்டது. இது சரியான வாக்கியம்.

இரண்டாவது, ஓட்டு. வாக்குச் சீட்டில் தவறாகக் குறியிட்டால் அது ‘ஸ்பாயில்ட் வோட்’. மலாயில் ‘உண்டி ரோசாக்’ என்கிறார்களே, அதுதான். தமிழில் செல்லாத ஓட்டு.

மூன்றாவது, பிள்ளை. இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். தமிழில் “பையன் கெட்டுப் போய்விட்டான்” என்றால் தீய சகவாசம், குடி, சூது என்று பொருள்படும். ஆங்கிலத்தில் ‘ஸ்பாயில்ட் சைல்ட்’ என்றால் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை. கேட்டதெல்லாம் கிடைத்துப் பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை. மகன் கெட்ட கூட்டத்தில் சேர்ந்துவிட்டானே என்று கலங்கிப்போன ஒரு தாய், ஆசிரியரிடம் “மை சன் இஸ் ஸ்பாயில்ட்” என்று சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் செல்லம் அதிகம் போலிருக்கிறது என்று அவர் சிரித்துவிட்டுப் போகலாம். தாயின் கண்ணீர் அவருக்குப் புரியாமலே போய்விடும். “ஹி இஸ் இன் பேட் கம்பெனி” என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

மற்றவற்றுக்கு என்ன சொல்வது?

பொருளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்து, அதற்கேற்ற சொல்லைச் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் ஓடவில்லையா? “தி லிஃப்ட் இஸ் அவுட் ஆஃப் ஆர்டர்.”

லாரி நடுவழியில் நின்றுவிட்டதா? “தி லாரி ஹேஸ் புரோக்கன் டவுன்.”

நாற்காலிக் கால் முறிந்ததா? “தி சேர் இஸ் புரோக்கன்.”

பை கிழிந்ததா? “தி பேக் இஸ் டோர்ன்.”

சுவிட்சைப் போட்டால் ஒரு நேரம் எரிகிறது, ஒரு நேரம் எரியவில்லையா? “தி சுவிட்ச் இஸ் ஃபால்ட்டி.”

பெட்டி நசுங்கியோ அடிபட்டோ சேதமாகி வந்ததா? “தி பாக்ஸ் இஸ் டேமேஜ்ட்.”

இவ்வளவும் நினைவில் நிற்கவில்லையா? கவலை வேண்டாம். இயந்திரம் எதுவானாலும் “இட் இஸ் நாட் வொர்க்கிங்” என்று சொல்லுங்கள். வேலை செய்யவில்லை என்பது யாருக்கும் விளங்கும்.

இது வெறும் இலக்கணமா?

இல்லை. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கைப் பலகைகள் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம், சீனம், மலாய் இவற்றோடு ‘அபாயம்’ என்று தமிழிலும் எழுதியிருக்கும். நம் மொழிக்கு அந்த நாட்டில் உள்ள மதிப்பு அது. ஆனால் பலகை நமக்குத் தமிழில் சொல்லுகிறதே தவிர, நாம் மேலாளிடம் திருப்பிச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

பாரம் தூக்கும் பட்டை ஓரத்தில் கிழிந்திருப்பதை ஒரு தொழிலாளி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பெல்ட் ஸ்பாயில்” என்கிறார். ஃபோர்மனுக்கு அது பழசாகிவிட்டது என்று படலாம், அழுக்காகிவிட்டது என்றும் படலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடலாம். “தி பெல்ட் இஸ் டோர்ன்” என்று சொன்னால் கிழிசல் கண் முன்னே வந்து நிற்கும். பாரத்தை இறக்கச் சொல்வார். அப்படியே, “பிரேக் ஸ்பாயில்” என்றால் பிரேக் இறுகிவிட்டதா, பிடிக்கவில்லையா என்று தெரியாது. “தி பிரேக் இஸ் நாட் வொர்க்கிங், டோன்ட் யூஸ் இட்” என்றால் ஐயத்துக்கு இடமில்லை.

சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை முதலாளிமேல் சுமத்துகிறது. ஆனாலும் பழுதை முதலில் காண்பது அதைக் கையால் தொட்டு வேலை செய்பவர்தானே? அவர் வாயிலிருந்து வரும் சொல் தெளிவாக இருந்தால் ஓர் உயிரே பிழைக்கலாம்.

சந்தைப் பேச்சு வேண்டாமா?

நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்ற இயக்கத்தைச் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 2000ஆம் ஆண்டு தொடங்கி வைத்தார். ‘சிங்கிலிஷ்’ எனப்படும் அந்த ஊர்ப் பேச்சு தங்கள் அடையாளம் என்று வாதாடுவோரும் அங்கே உண்டு. நாமும் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தேக்காக் கடைக்காரரிடம் “தக்காளி ஸ்பாயில்” என்றே சொல்லுங்கள். அவர் வேறு தக்காளி எடுத்துத் தருவார். கடிதத்திலும், நேர்முகத் தேர்விலும், வேலையிடத்திலும் மட்டும் சொல்லைத் தேர்ந்து எடுங்கள். வீட்டுக்கு ஒரு சட்டை, வெளியே போக ஒரு சட்டை வைத்திருக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். வீட்டிலே பழுதான பொருள் ஒவ்வொன்றையும் காட்டி, “இதற்கு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். முறிந்ததா, கிழிந்ததா, ஓடவில்லையா என்று பிள்ளை முதலில் தமிழிலே தெளிவாகச் சொல்லட்டும். தமிழில் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலச் சொல் தானே வாயில் வந்து நிற்கும்.