டைல்ஸ் மெஷினில் மரம் அறுக்கலாமா?

சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் இடங்களில் ஆத்தங்குடிக் கல் அறுக்க ஒரு கிரைண்டர் இருக்கும். அதே மெஷினில் பல் பிளேடை மாட்டிக் கொல்லைக் கருவேலத்தையும் துண்டு போடலாம் என்று சிலருக்குத் தோன்றும். பிளேடு சில நூறு ரூபாய்தான். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். விளிம்பில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். கல் வட்டு தேய்த்து அறுக்கும். பல் பிளேடு கவ்வும். முறுக்கும் கணுவுமான கருவேலங்கிளையில் பல் சிக்கினால் மெஷின் துள்ளிப் பிடித்திருப்பவர் மேலேயே பாயும். சுவிட்சை ‘ஆன்’ நிலையில் பூட்டியிருந்தால் கை நழுவிய பிறகும் ஓடும். இதில் இடைஞ்சல் என்று பிளேடை மூடும் கார்டையும் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு!

மணிக்கட்டுப் பருமனுக்குள் இருக்கும் கிளைக்குக் கை ரம்பமே போதும். அதற்கு மேல் என்றால் செயின் சா. கடையில் எடுத்துப் பார்க்கும்போது, முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள கார்டை முன்னால் தள்ளினால் சங்கிலி நிற்கும் பிரேக் இருக்கிறதா, விரலை எடுத்ததும் மெஷின் நிற்கிறதா என்று கேளுங்கள். ஒற்றைக் கையில் பிடிக்கும் பேட்டரி மினி சாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றக் கை தானாகவே கிளையைப் பிடிக்கப் போகும். வேட்டி, துண்டோடு நிற்காதீர்கள். ஏணியில் ஏறி அறுக்காதீர்கள். கிளை மின்கம்பி பக்கம் போனால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987-இல் அழையுங்கள். வெட்டுப்பட்டால் காப்பித்தூள் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். குறையுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மேல் அந்த வழக்கு நிற்காது என்கிறது அதன் 87-ஆம் பிரிவு. கார்டு கழற்றிய கிரைண்டரோடு போனால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் புகாருக்கு அந்த நிறுவனம் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனுப்போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.