கறள் பிடித்து முடிந்த சிவப்பு

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது சீகிரியாக் குன்று. இரும்புச் சுழற்படியேறி ஓவியங்களின் முன் போய் நிற்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, இந்த நிறம் எப்படி இத்தனை காலம் தாங்கியது என்பதுதான். முதலாம் காசியப்பன் இங்கிருந்து ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. ஓவியங்களும் அந்தக் காலத்தவை என்றே கொள்ளப்படுகிறது. ஆசையாய் எடுத்த சேலை கொடியில் காய்ந்தே வெளிறிவிடுகிறது. இந்த ஓவியங்களில் உள்ள பெண்களின் மேனிச் சிவப்போ 1,500 ஆண்டுகளாக மங்கவில்லை.

விடை வண்ணத்தூளில் இருக்கிறது. இங்கே முதன்மையாகப் பயன்பட்டவை செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண். மூன்றுக்கும் நிறம் கொடுப்பது இரும்புதான். செங்காவியில் உள்ள கனிமத்தின் பெயர் ஹெமற்றைற். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஒட்சிசன் அணு என்பது அதன் கணக்கு. வீட்டுக் கேற்றில் பிடிக்கும் கறளுக்கு இது நெருங்கிய உறவு. இரும்பு ஒட்சிசனோடு சேர்வதால்தான் கறள் பிடிக்கிறது. ஹெமற்றைற்றில் அந்தச் சேர்க்கை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. காற்று அதை இனி என்ன செய்ய முடியும்? கறளுக்குக் கறள் பிடிப்பதில்லை.

சேலைச் சாயத்தின் கதை வேறு. அது காபன் அணுக்கள் தொடராகப் பிணைந்த சேர்மம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிணைப்புகளை அறுக்க, நிறம் போய்விடுகிறது. ஹெமற்றைற்றும் ஒளியை உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் உறிஞ்சியதை வெப்பமாக வெளிவிட்டு, தான் இருந்தபடியே இருக்கிறது.

ஓவியம் தீட்டிய சுண்ணச் சாந்துக்கும் இதே விதி. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மாற வேண்டியதெல்லாம் மாறி முடித்த பொருள்தான் இங்கே நிலைத்து நிற்கிறது.

ஆனாலும் ‘மாறாது’ என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. மஞ்சட்காவியைச் சுமார் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதன் கட்டமைப்பில் உள்ள நீர் போய்ச் செங்காவியாகிவிடும். நிலைத்த பொருள் என்றால் எந்த வெப்பத்தில், எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியும் கூடவே வரும். குன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலையின் தொண்டையில் இறுகிய பாறை என்று பலரும் சொல்வார்கள். புவியியலாளர் அதை ஏற்பதில்லை. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை இது. சுற்றியிருந்தவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, கடினமான இந்தப் பகுதி மட்டும் எஞ்சி நிற்கிறது. இதுவும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓவியங்களுக்கு முதல் எதிரி தண்ணீர். ஒருகாலத்தில் குன்றின் மேற்கு முகத்தில் பரந்து கிடந்த ஓவியங்களில், பாறை கவிந்து மழையை மறித்த இடங்களில் உள்ளவையே தப்பின. மற்ற இடங்களில் நிறம் கெடுமுன் சாந்தே உதிர்ந்துவிட்டது. அருகிலுள்ள தம்புள்ளையில் ஓவியக் குகைகளின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டி, வழியும் மழைநீரை வெளியே சொட்ட வைத்தார்கள். அதோடும் விடவில்லை, காலத்துக்குக் காலம் மீளத் தீட்டினார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. தம்புள்ளையில் மரபு நிலைத்தது. சீகிரியாவில் பழைய தூரிகைத் தடமே நிலைத்தது.

இரண்டாவது எதிரி மனிதன். 1967 ஒக்டோபரில் சிலர் சீகிரியா ஓவியங்கள் மீது பெயின்ற் பூசி, சாந்தையும் கொத்தினார்கள். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து சீர்செய்ய வேண்டியதாயிற்று. பதினைந்து நூற்றாண்டு வெயிலும் காற்றும் செய்யாததை அவர்கள் ஒரே முறையில் செய்துவிட்டுப் போனார்கள்.

சீகிரியாவின் பளபளப்பான சாந்துச் சுவரான ‘கண்ணாடிச் சுவரில்’ 14ஆம் நூற்றாண்டுவரை வந்துபோனவர்கள் கீறிய பாடல்களில் 685ஐ தொல்லியலாளர் செனரத் பரணவிதான 1956இல் நூலாக்கினார். அந்தக் காலத்தவர்கள் எழுதினார்களே, நாமும் எழுதினால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். நாம் ஒரு பெயரைக் கீறினால் அழிவது அவர்களுடைய எழுத்து. சட்டப்படியும் அது குற்றம். ஓவியங்களுக்கு அருகே படமெடுப்பதற்கும் தடை இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச்செல்லும் ஆசிரியர்களே, படியேறுவதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுங்கள்: காவி நிறம் தானாக மாறாது, ஆனால் அதைத் தாங்கும் சாந்து ஒரு விரல் நகத்துக்கே பெயர்ந்துவிடும்.