மிதவை டியூப் (ஏரி மீன்பிடிப்பு)

மிதவை டியூப் என்பது ஏரி, குளம் போன்ற ஓடாத நீர்நிலைகளில் ஒருவர் மட்டும் அமர்ந்து தூண்டில் போடுவதற்கான, காற்றடைத்த சிறு மிதவை ஆகும். இது ‘பெல்லி போட்’ என்றும் அழைக்கப்படுகிறது. இதில் அமர்பவரின் கால்கள் நீருக்குள் தொங்கும். கால்களில் நீச்சல் துடுப்புகளை அணிந்து உதைப்பதன் மூலம் அவர் பின்னோக்கி நகர்வார். கைகள் இரண்டும் தூண்டிலுக்கு எஞ்சியிருக்கும். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் மலை ஏரிகளில் டிரவுட் மீன் பிடிப்போர் இதைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஐடஹோ மாநிலத்தின் ஹென்றிஸ் ஏரியும் கலிபோர்னியாவின் குரோலி ஏரியும் இவ்வகை மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றவை.

மிதவை டியூப்பின் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. எதிர்க்காற்று வலுத்தால் கால்களின் வலிமை மட்டும் போதாமல் போகலாம். ஆகவே இதைத் தேர்ந்தெடுக்கும்போது வசதி, விலை ஆகியவற்றுடன், பாதுகாப்பாகக் கரை திரும்ப முடியுமா என்பதையும் கருத வேண்டியுள்ளது.

தோற்றம்

தொடக்கத்தில் வாகன டயரின் உள்ளே இருக்கும் ரப்பர் டியூப்பில் காற்றடைத்து, அதன்மேல் கித்தான் உறை போட்டு, நடுவில் துணி இருக்கை தைத்துப் பயன்படுத்தினர். இன்றைய டியூப்களில் ரப்பருக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளாலான காற்றுப்பையும், அதைச் சுற்றி நைலான் அல்லது பாலியெஸ்டர் உறையும் உள்ளன. உறையில் பைகள், முதுகுச் சாய்மானம், மடியின் மேல் தூண்டில் கயிறு சிக்காமல் கிடக்க ஒரு வலைத்துணி ஆகியவை இணைக்கப்பட்டிருக்கும்.

வடிவங்கள்

வட்ட வடிவம்: பழைய டயர் டியூப்பின் வடிவத்தை ஒத்தது, விலை குறைவு. நடுவிலுள்ள துளைக்குள் கால்களை விட்டு ஏற வேண்டும். நீச்சல் துடுப்பு அணிந்த கால்களுடன் இது கடினம். அவசரத்தில் வெளியேறுவதும் எளிதன்று.

‘யு’ வடிவம்: முன்புறம் திறந்திருப்பதால், ஆழமற்ற நீரில் நின்று பின்னோக்கி அமர்ந்தால் போதும். இரு பக்கங்களும் விலகாதபடி முன்னால் ஒரு குறுக்குத் தண்டு மாட்டப்படும். புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது.

‘வி’ வடிவம்: பின்முனை குறுகியிருக்கும். நகர்வது பின்னோக்கி என்பதால் அம்முனை நீரைக் கிழித்துச் செல்லும். ஒரே உழைப்பில் கூடுதல் தொலைவு செல்லலாம். பெரிய ஏரிகளுக்கு இது பொருந்தும்.

இவற்றுக்கு அடுத்த நிலையில், இரு நீள மிதவைகளின் மேல் சட்டமும் துடுப்புகளும் கொண்ட பான்டூன் படகு உள்ளது. இது வேகமானது, ஆனால் எடை மிகுந்தது.

கவனிக்க வேண்டிய கூறுகள்

காற்றறைகளின் எண்ணிக்கை: ஒரே அறை கொண்ட டியூப்பில் முள்ளோ தூண்டில் கொக்கியோ குத்தினால் மிதப்பு முழுவதும் போய்விடும். தனித்தனி அறைகள் இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். முதுகுச் சாய்மானமும் தனிக் காற்றறையாக அமைந்திருப்பது நல்லது.

காற்றுப்பையின் பொருள்: பிவிசி, வினைல் பைகள் மலிவானவை, குளிரில் விறைக்கும். யூரித்தேன் பைகள் எடை குறைந்தவை, உறுதியானவை, விலை மிகுந்தவை.

தாங்கும் எடை: தயாரிப்பாளர் குறிப்பிடும் எடையில் மீன்பிடிப்பவரின் உடல் எடையோடு உடை, காலணி, கருவிப்பெட்டி, உணவு, நீர் ஆகிய அனைத்தும் அடங்கும். எல்லையை ஒட்டி ஏற்றினால் டியூப் தாழ்ந்து மிதக்கும். நகர்த்தக் கூடுதல் உழைப்புத் தேவைப்படும்.

இருக்கையின் உயரம்: நீர்மட்டத்துக்கு மேலுள்ள இருக்கையில் இடுப்பு நனையாது, குளிர் குறையும், தூண்டிலைத் தொலைவில் வீசலாம். ஆனால் உயர்ந்து அமர்பவர் மீது காற்று அதிகம் மோதும். காற்று மிகுந்த ஏரிகளில் தாழ்வான இருக்கைக்கும் பயன் உண்டு.

சுமக்கும் எடை: வாகனம் செல்லும் ஏரிக்கரை என்றால் டியூப்பின் எடை பெரிதாகத் தெரியாது. மலைப்பாதையில் நடந்து செல்ல வேண்டுமானால் முதுகில் மாட்டும் பட்டைகளும் குறைந்த எடையும் முக்கியம்.

உடன் தேவைப்படுபவை

மார்பு வரை வரும் நீர்புகா உடை, நீச்சல் துடுப்பு, உயிர்காப்பு மேலங்கி, ஊதல் ஆகியவை டியூப்புடன் சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை. நீச்சல் துடுப்பு கழன்று மூழ்கினால் ஒரு காலால் உதைத்து நேராகச் செல்வது கடினம். எனவே அதைக் கணுக்காலுடன் சிறு கயிற்றால் பிணைப்பது வழக்கம். நீர்புகா உடைக்குள் புகும் நீர் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நீருக்குள் இருக்கும்வரை அந்நீர் எடையாக அழுத்துவதில்லை. எனினும் அசைவையும் கரையேறுவதையும் அது கடினமாக்கும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் நீர் புகுவது குறையும்.

காற்றழுத்தமும் வெப்பமும்

டியூப்புக்குக் குறைந்த அழுத்தமே போதும். வாகன டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் தையல் பிளக்கக்கூடும். கை அல்லது கால் பம்பே பாதுகாப்பானது. வெயிலில் கரையில் கிடக்கும் டியூப்பின் காற்று விரிவடையும். தாழ்நிலத்தில் நிரப்பி, மலைமேல் ஏற்றிச் சென்றாலும் வெளியழுத்தம் குறைவதால் டியூப் விம்மும். குரோலி ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இத்தகைய இடங்களில் கரையை அடைந்த பின் காற்றடிப்பதே முறை. மாறாக, குளிர்நீரில் இறங்கியதும் காற்று சுருங்கி டியூப் தளரும். சற்று நேரம் நீரில் விட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பும் விதிகளும்

குளிர்நீரில் விழுந்தவர் குறித்து, கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ‘1-10-1’ என்ற வாய்பாட்டைப் பரப்பினார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் பயன்படும்படி இயங்க ஏறத்தாழ 10 நிமிடங்கள், உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் என்பது இதன் பொருள். நீந்தத் தெரிந்தவரும் மேலங்கி அணிய வேண்டியதன் காரணம் இதுவே: பத்து நிமிடங்களுக்குப் பின் கைகால்கள் நீந்த உதவா.

பல மலை ஏரிகளில் காலை அமைதியாகவும் பிற்பகல் காற்றோட்டமாகவும் இருக்கும். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்றால், களைத்த பிறகு காற்றே கரைக்குத் தள்ளும். ஓடும் ஆற்றில் மிதவை டியூப் ஏற்றதன்று. தொங்கும் கால்கள் பாறையிலோ மரக்கிளையிலோ சிக்கலாம்.

சில இடங்களில் இது படகாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மிதவை டியூப்புக்கும் அனுமதிச் சீட்டு தேவை.

பராமரிப்பு

ஓர் ஏரியில் பயன்படுத்திய டியூப்பை நன்கு கழுவி உலர்த்திய பின்னரே வேறு ஏரியில் இறக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டியிருக்கும் வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் புதிய நீர்நிலைக்குப் பரவுவதை இது தடுக்கும். வெயில் படாத இடத்தில், காற்றைக் குறைத்து, முழுவதும் உலர்ந்த நிலையில் வைத்தால் உறையும் தையலும் நீண்டநாள் உழைக்கும்.