அடுப்பு எரியாது, பர்சு கரியும்!
செல்போன் சமையல் விளையாட்டில் இளைப்பாறுவோர் கவனத்துக்கு

சென்னை,

மாலை 6 மணி. கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயில். நிற்கக்கூட இடம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் ஆபீஸ் பையை மடியில் வைத்தபடி ஒரு அம்மா "பர்கர்" சுட்டுக்கொண்டு இருக்கிறார்!

அடுப்பு இல்லை. எண்ணெய் இல்லை. புகையும் இல்லை. உள்ளங்கையில் செல்போன். பெருவிரல்தான் கரண்டி.

எழும்பூரில் கடை திறந்தார். கோடம்பாக்கம் வருவதற்குள் பத்து பேருக்கு பரிமாறிவிட்டார். மாம்பலத்தில் ஏறிய கூட்டம் இடித்ததில் ஒரு துண்டு கருகிப் போனது. "அடடா!" அவ்வளவுதான். அதை தூக்கி குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை சுட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டிலும் சமையல், ரெயிலிலும் சமையலா? ஆடுகிறவர்களை கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "இங்கே தீஞ்சு போனா யாரும் திட்ட மாட்டாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆடலாம்!"

கடன் சொல்லாத வாடிக்கையாளர்

ஆட்டம் ரொம்ப எளிது. திரையில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது தலைக்கு மேலே படமாக தெரியும். பக்கத்தில் ஒரு கோடு. அது அவர் பொறுமை. நேரம் ஆக ஆக கோடு குறையும். சீக்கிரம் கொடுத்தால் கூடுதல் காசு. தாமதம் ஆனால் ஆள் எழுந்து போய்விடுவார்.

இரண்டு, மூன்று நிமிடத்தில் ஒரு கட்டம் முடிந்துவிடும். கிடைத்த நாணயத்தில் புது அடுப்பு, புது தட்டு வாங்கலாம்.

ஆபீசில் ஒரு பைல் மாதக்கணக்கில் நகராது. இங்கே எடுத்த வேலை நிமிடத்தில் முடிகிறது. கடைக்காரருக்கோ இன்னொரு சந்தோஷம். இந்தக் கடையில் கடன் சொல்லும் வாடிக்கையாளரே கிடையாது! நாள் முழுவதும் அடுத்தவருக்கு ஓடியவர்களும் இதை ஓய்வு என்று நினைப்பதற்கு அதுதான் காரணம்.

1982-லேயே வந்தது

சமையல் விளையாட்டு புதிது அல்ல. 1982-ல் ஜப்பானின் டேட்டா ஈஸ்ட் கம்பெனி "பர்கர் டைம்" என்ற ஆட்டத்தை கொண்டு வந்தது. முட்டையும் சாசேஜும் துரத்த, சமையல்காரர் பர்கர் மேல் ஓடுவார். 2006-ல் "குக்கிங் மாமா" வந்தது. நிண்டெண்டோவின் கையடக்க கருவியில் குச்சியால் காய் நறுக்கலாம், கிளறலாம். 2014-ல் லிதுவேனியா நாட்டு நார்ட்கரண்ட் கம்பெனியின் "குக்கிங் பீவர்" செல்போனுக்கு வந்தது.

தமிழ்க் குடும்பத்தின் கதையும் ஒன்று உண்டு. பெயர் "வெண்பா". கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடா போன ஒரு தாய், கிழிந்து மங்கிய சமையல் குறிப்பை பார்த்து இட்லி, புட்டு செய்யும் கதை. 2024-ல் பிரிட்டனின் பாப்டா விருது இதற்கு கிடைத்தது. இதில் கடிகாரம் துரத்தாது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் சரி. அப்புறம் ஆட்டத்துக்குள்ளே கடை இல்லை.

இலவச ஆட்டங்களின் கதையே வேறு!

இங்கேதான் வலை

முதல் கட்டங்கள் வெகு சுலபம். போகப் போக ஆள் கூட்டம் அதிகம் ஆகும். நேரம் குறையும். பழைய அடுப்பு போதாது. புது அடுப்புக்கு நாணயம் மட்டும் போதாது, "வைரம்" வேண்டும் என்று கேட்கும். வைரம் லேசில் கிடைக்காது.

அப்போது ஒரு பெட்டி திறக்கும். இத்தனை ரூபாய்க்கு இத்தனை வைரம். இந்த சலுகை இன்னும் சில மணி நேரம் மட்டும்!

ரூபாயை வைரமாக மாற்றிவிட்டால், பிறகு செலவு செய்வது வைரம்தான். கையில் இருந்து நோட்டு போவது போல் உறைக்காது. பத்து தடவை சின்னச் சின்னதாக போனது மாதக் கடைசியில்தான் தெரியும்.

குழந்தை கையில் போன்

இது அமெரிக்காவையே உலுக்கிய விவகாரம். அங்கே செல்போன் விளையாட்டுகளில் பெற்றோருக்கு தெரியாமல் பிள்ளைகள் பொருள் வாங்கியதாக புகார்கள் குவிந்தன. பாஸ்வேர்டை ஒரு தடவை போட்டால் 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வாங்கித் தள்ளினார்கள். மிருகங்களுக்கு ஓட்டல் நடத்தும் ஒரு விளையாட்டில் மட்டும் தன் மகள் 2,600 டாலர் செலவழித்ததாக ஒரு தாய் புகார் செய்தார்.

2014-ல் அந்நாட்டு மத்திய வர்த்தக கமிஷன் தலையிட்டது. குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித்தர ஆப்பிள் கம்பெனி சம்மதித்தது. அதே ஆண்டில் கூகுள் கம்பெனியும் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

"நம்ம ஊரில் ஓ.டி.பி. கேட்குமே" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அந்த ஓ.டி.பி. வருவதும் பிள்ளை கையில் இருக்கும் அதே போனுக்குத்தான்! அப்பா ரகசிய எண்ணை அழுத்துவதை பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்ய எத்தனை நேரம் ஆகும்?

சட்டம் பிடிக்காது

காசு கட்டி காசு ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் கொண்டு வந்தது. சமையல் விளையாட்டு அதில் வராது. இதில் பந்தயம் இல்லை. ஜெயித்தாலும் ஒரு பைசா திரும்பி வராது. வைரம் வாங்குவது சினிமா டிக்கெட் வாங்குவது போலத்தான். போன காசு போனதுதான்.

ஆகவே "சமையல் விளையாட்டு ஆடுங்கள், தினமும் பணம் சம்பாதியுங்கள்" என்று யாராவது லிங்க் அனுப்பினால் அது மோசடி வலை என்று உஷாராகிவிட வேண்டும். ஏமாந்தவர்கள் தாமதம் செய்யாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.

என்ன செய்யலாம்?

விளையாட்டை விட வேண்டியதில்லை. பூட்டு போட்டால் போதும். ஆண்டிராய்டு போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்கு போய், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்துவிடலாம். ஐபோனில் "ஸ்கிரீன் டைம்" பகுதியில் விளையாட்டுக்குள் வாங்குவதையே நிறுத்திவிடலாம்.

டேட்டாவை அணைத்தாலும் ஓடும் ஆட்டங்கள் இருக்கின்றன. அப்படி ஆடினால் விளம்பரத் தொல்லையும் குறையும். வைரம் கேட்கும் கட்டம் வந்தால் அன்றைக்கு கடையை சாத்திவிடுவது நல்லது. மறுநாள் ஆடினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பல்லாவரம் தாண்டிவிட்டது. "வைரம் வேண்டுமா?" என்று செல்போன் கேட்கிறது. ஜன்னல் ஓரத்து அம்மா ஒரு நொடி பார்த்தார். டக்கென்று அணைத்து பைக்குள் போட்டுக்கொண்டார்.

தாம்பரத்தில் இறங்கி தக்காளி வாங்க வேண்டும். வீட்டில் நிஜ அடுப்பு காத்திருக்கிறது. அங்கே கருகினால் மறுபடி முதலில் இருந்து ஆட முடியாது!