ஊசிக்கும் கைக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் பகுதிகளில் பல தமிழர் வீடுகளில் பழைய இசைத்தட்டுகள் இன்னும் பரண் மேல் இருக்கின்றன. அப்பா வாங்கிய சினிமாத் தட்டுகள், அம்மாவின் பக்திப் பாடல்கள், 1980-களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகள் என்று பல ரகம். இவற்றில் பலவற்றை இன்று புதிதாக வாங்க முடியாது. கீறல் விழுந்தால் விழுந்ததுதான்!

இந்தத் தட்டுகளுக்காகவே நல்ல 'டைரக்ட் டிரைவ்' டர்ன்டேபிள் வாங்குவோர் உண்டு. வாங்கிய சில நாளிலேயே, "டோன் ஆர்மையும் மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமாமே" என்ற ஆசை வந்துவிடுகிறது. டோன் ஆர்ம் என்பது ஊசியைத் தாங்கும் கை. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

மோட்டாரே அச்சு

பழைய பெட்டிகளில் மோட்டார் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். நடுவில் ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ இருக்கும். ரப்பர் தேய்ந்தால் பாட்டு இழுக்கும். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சிலேயே தட்டு சுழலும். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனப் பொறியாளர் ஷூயிச்சி ஒபாடா இதை உருவாக்கினார். 1970-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.பி.10 கை இல்லாமலே விற்கப்பட்டது. கையை வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். 1972-ல் கையோடு சேர்ந்த எஸ்.எல்.1200 வந்தது. 1979-ல் வந்த அதன் 'மார்க் 2' உலகப் புகழ் பெற்றது. 2010-ல் நிறுத்தப்பட்ட இந்த வரிசை 2016-ல் மறுபடி வந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் என்றால் முதலில் பின்பக்கம் எழுதியுள்ள வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும்.

ஜாதகப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொருத்தம் உண்டு. ஊசி ஒரு சிறு ஸ்பிரிங் மேல் நிற்பது போன்றது. கை அந்த ஸ்பிரிங் சுமக்கும் பாரம். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக ஆடும். அந்த ஆட்டம் வினாடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருப்பது நல்லது. அதற்கும் கீழே போனால், பரண் சூட்டில் வளைந்த தட்டின் மேடு பள்ளம் கையைத் தூக்கிப் போடும். மிகவும் மேலே போனால் பாட்டின் கீழ்ஸ்தாயியில் கலந்துவிடும்.

கணக்கு எளிது. கையின் செயல் எடையையும் கார்ட்ரிட்ஜ் எடையையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் 'கம்ப்ளையன்ஸ்', அதாவது ஊசி வளைந்து கொடுக்கும் அளவால் பெருக்குங்கள். வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதால் வகுத்தால் விடை.

மார்க் 2-இன் கை 12 கிராம். ஆர்டோபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம். திருகுகளோடு சுமார் 20. அதன் கம்ப்ளையன்ஸும் 20. இருபதை இருபதால் பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை ஏறக்குறைய 8. பொருத்தம் உண்டு. இதே கார்ட்ரிட்ஜை 25 கிராம் கனமான கையில் மாட்டினால் விடை 6 அளவுக்கு இறங்கிவிடும். விலை கூடிய கை, பலன் குறைந்த பாட்டு!

டெனான் டி.எல்.103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜுக்குத்தான் கனமான கை தேவை. ஜப்பான் நிறுவனங்கள் பல கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகின்றன. அந்த எண்ணைச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக் கொண்டு கணக்குப் போட வேண்டும். இவ்வகைக்குத் தனி முன் பெருக்கியோ டிரான்ஸ்பார்மரோ வேண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

துளை போடுமுன்

தட்டின் நடு அச்சிலிருந்து கையின் சுழலும் அச்சு வரை உள்ள தூரம் முக்கியம். மார்க் 2-இல் இது 215 மி.மீ. எஸ்.எம்.இ. 3009-க்கும் ஏறக்குறைய அதே தூரம். ரேகா கைகளுக்கு 222 மி.மீ.; அவற்றின் உயரத்தைக் கூட்டக் குறைக்க அடியில் வளையம் வைக்க வேண்டும். ஜெல்கோ நிறுவனம் 2020-ல் மூடிவிட்டது. எஸ்.எம்.இ. தன் கைகளைத் தனியாக விற்பதை 2019-ன் கடைசியில் நிறுத்திவிட்டது. ஆகவே பழைய கை வாங்குவோர் பேரிங் ஆடுகிறதா என்று சோதித்த பிறகே பணம் தர வேண்டும்.

சோதனை சுலபம். கையைச் சமநிலையில் மிதக்க விட்டு, முனையைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் 'கடகட' என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. உங்களிடம் இருக்கும் கையிலும் இதைச் செய்து பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால், பெரும்பாலோருக்குக் கையை மாற்றவே தேவையில்லை. புது ஊசியும் சரியான எடையும் போதும்.

நாலணா வைத்தியம்

தட்டில் ஊசி தாண்டினால் கையின் மேல் நாலணாக் காசை வைப்பது அந்தக் கால வழக்கம். அது தட்டைத் தேய்த்துவிடும். மிகக் குறைந்த எடையும் கெடுதலே. ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம் என்று கம்பெனியே சொல்கிறது. இதை அளக்கச் சிறு எலக்ட்ரானிக் தராசு கிடைக்கிறது. அதன் தட்டு இரும்பாக இருக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் இழுத்து அளவு தப்பும்.

பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு இந்த ஊசி ஆகாது. அவற்றின் பள்ளம் அகலம் என்பதால் தடித்த ஊசி தனியாக வேண்டும். மார்க் 2-இல் 78 வேகமே கிடையாது. 2019-ல் வந்த மார்க் 7-இல் உண்டு.

முதலில் ஊசி, அடுத்து எடை, அதன் பிறகே கை. இந்த வரிசையில் போனால் பணமும் மிஞ்சும்; அப்பா வாங்கிய தட்டும் பிழைக்கும்.