மலை இறங்கும் முன்

2023 மே மாதக் கடைசியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லையில் வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஊருக்குச் சாலை கிடையாது. வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தையின் உயிர் பிரிந்தது. உடற்கூராய்வு முடிந்து திரும்பிய ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். சாலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தது.

அல்லேரியும் சேர்ந்த ஜவ்வாது மலையில் இருப்பவர்களுக்கு யாரும் நடைப்பயிற்சி சொல்லித்தர வேண்டாம். சாமைக் கொல்லைக்கும் சுனைக்கும் ரேஷன் கடைக்கும் ஏறி இறங்கியே காலம் போகிறது. எழுபது வயதுப் பாட்டி விறகுக் கட்டோடு மேடேறுகிறார். அப்படிப்பட்ட உடம்பும் பிரசவத்திலோ, பாம்புக்கடியிலோ, கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பிலோ சாய்ந்துவிடுகிறது. நான் கேட்டறிந்த சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: நோயாளி தாமதமாக மலையிறங்கினார், இறங்கியபோது கையில் ஒரு தாளும் இல்லை.

பாம்புக்கடியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடித்த இடத்துக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிளேடால் கீறுகிறார்கள். பச்சிலை அரைத்துக் கொடுத்து விடியும்வரை காத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட விஷத்தை முறிக்காது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் நீங்களாக அவிழ்க்காதீர்கள், மருத்துவர் அவிழ்க்கட்டும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் ஒரு கட்டையை வைத்து, கடிபட்ட உறுப்பு அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கவைக்காமல் டோலியில் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். நம் நாட்டில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராவது.

கட்டுவிரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், இமை தானாகச் சரியும், பேச்சு குழறும். "வாயு பிடித்திருக்கிறது" என்று சுக்குக் கஷாயம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சரிந்தால் பாம்புக்கடி என்றே எண்ணிப் புறப்படுங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. ஆகவே "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு ஊசியா" என்று தடுக்காதீர்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு கடியையும் மருத்துவமனை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பச்சிலையோடு நின்றுபோன சாவு அந்தக் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத மலைக்கு மருந்து எப்படி வந்து சேரும்?

அடுத்தது கர்ப்பம். நாள் தள்ளியது தெரிந்ததும், பன்னிரண்டு வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி என்னும் கர்ப்பப் பதிவைப் போட்டுவிடுங்கள். அவர் தரும் எண்ணை வீட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய், அந்த எண்ணில்தான் வரும். பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைக் கேட்பார்கள். இந்த உதவிக்குத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் கல்யாணம் முடித்துவிட்டு, போலீஸ் வரும் என்ற பயத்தில் கர்ப்பத்தையே மறைத்து வீட்டில் பிரசவம் பார்ப்பது இந்த மலையில் இன்னும் நின்றபாடில்லை. குழந்தைத் திருமணம் சட்டப்படி குற்றம், தடுக்க 1098-ஐ அழையுங்கள். ஆனால் கர்ப்பம் ஆகிவிட்ட பெண்ணை மறைத்து வைக்காதீர்கள். எலும்பு முற்றாத இளம் இடுப்பில் பிரசவம் சிக்குவது எளிது, அங்கே தாயும் போவாள், பிள்ளையும் போகும். வழக்குக்குப் பயந்து உயிரைப் பறிகொடுக்க வேண்டாம். அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்க முடியாது.

இடுப்பு வலி எடுத்தபிறகு மலையிறங்குவது காலம் கடந்த வேலை. குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்து தங்குவதற்கென்று பழங்குடிப் பகுதிச் சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் அது எங்கே என்று ஏழாம் மாதத்திலேயே செவிலியரிடம் கேளுங்கள். "ஆடு மாட்டை யார் பார்ப்பது" என்று கேட்கும் மாமியார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தேதிக்கு முன்பே இறங்குங்கள்.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய நேரும். இங்குள்ள மலையாளிப் பழங்குடிக்கான சாதிச் சான்றிதழும் வட்டாட்சியர் தருவதன்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்தில் பெற வேண்டும். பெற்றோர், பங்காளிகளின் பழைய சான்றிதழ் நகலை மறக்காமல் இணையுங்கள். அது இல்லாமல்தான் பாதி மனுக்கள் கிடப்பில் விழுகின்றன.

நடுவயதில் வருகிறது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், மூன்று மாதம் கழித்து வாய் கோணித் திரும்புகிறார்கள். புறப்படும் முன்பே கையிருப்புக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். தலைவலி இல்லை என்பதால் கொதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இனி, பெரிய செலவு வந்தபின் எல்லாரும் தேடுகிற காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் குழப்பம். இந்த மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கத்தவர் திருவண்ணாமலைக்கும், பீஞ்சமந்தை, அல்லேரிப் பக்கத்தவர் வேலூருக்கும் போக வேண்டும். புதூர்நாட்டவருக்கு 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் திருப்பத்தூர்தான், பழைய நினைப்பில் வேலூருக்குப் போய் நிற்காதீர்கள். பெரியவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுப் போய், "இங்கே இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்புவதைக் கேட்டால் ஆத்திரம் வருகிறது. எங்கே போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க அந்த மேசைக்கு என்ன குறைந்துவிடும்? கிளம்பும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்தபின் வருமானச் சான்றுக்கு ஓடுவதைவிட, நன்றாக இருக்கும்போதே அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது சாலை. "வனத்துறை விடவில்லை" என்பது ஒன்றிய அலுவலகத்தின் பழைய பதில். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, மருந்தகம், அங்கன்வாடி போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க வழி தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. 3 மீட்டர் அகலப் பாதையாக இருந்தால் ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு வரும். பல கொல்லைகளை வண்டிப் பாதையோடு சேர்க்க அது போதும்.

செய்ய வேண்டியது இது. கிராம சபையில் சாலையின் தொடக்கம், முடிவு, நீளம், அகலம் எல்லாம் எழுதி, 3(2) பிரிவின்படி என்று குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். "சாலை வசதி வேண்டும்" என்ற மொட்டைத் தீர்மானம் எதற்கும் உதவாது. தீர்மான எண்ணோடு நகல் வாங்குங்கள். சாலை போடும் துறையோ ஊராட்சி ஒன்றியமோ அந்தத் தீர்மானத்தை இணைத்து 'அ' படிவத்தில் வனச்சரக அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் இடத்தைப் பார்த்து மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புவார். மாவட்ட வன அலுவலர் மறுத்தால் அத்துடன் முடிவதில்லை, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குக் கோப்பு போக வேண்டும். ஒன்றியம் விண்ணப்பிக்கவே இல்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தீர்மான நகலோடு மனுக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டு, கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். போகும்போது பாதையை அளந்து எழுதிய தாளை எடுத்துப் போங்கள். சாலை வரும்வரை 108-ஐ அழைக்கும்போது, வண்டி எந்த இடம்வரை ஏறும் என்பதைச் சொல்லி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், டோலியை அந்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பாம்பு கடித்தவருக்குக் கயிறு கட்டாதீர்கள்.